அம்மா வேலைக்குப் போகாத மூன்று நாட்கள்

வியாழக்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமையிலிருந்து உன் அம்மா வேலைக்குப் போகவில்லை. இதை இரண்டு வழியில் உறுதி செய்துகொண்டேன். அவளுடைய நீலப் பை மூன்று நாளாக வாசல் கதவுக்குப் பின்னால் கொக்கியிலேயே தொங்குகிறது. இன்று காலை அவளிடமே நேராகக் கேட்டும் பார்த்தேன். "ஆமா, போகல. எழுதிக்கோங்க" என்று காபியை என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். எழுதிக்கொண்டேன். அவள் போகாததற்குக் காரணம் நான். அதையும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

மற்றபடி நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் ரத்த அழுத்தம் சொன்னபடி கேட்கிறது, உன் சித்தியின் முழங்கால் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி பட்டாணியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று வழக்கமாக இந்த இடத்தில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை அப்படிப் போகவில்லை, சுகமா என்று கேட்டு நிறுத்தியிருக்கிறேன், காரணம் கடிதத்தின் பின்பாதியில் வரும்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஃபோனில் உன் அம்மா உன்னிடம் "சும்மா ஒரு வகுப்புக்குப் போறேன்டி" என்று சொன்னதோடு சரி, அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷம் நின்று ஓய்வு பெற்ற இரண்டாவது மாதமே, ஒரு சலவைக் கடையின் மாடியில் நடந்த பயிற்சியில் சேர்ந்தாள். பன்னிரண்டு சனிக்கிழமைகள். நடத்தியவர் ஒரு முன்னாள் நர்ஸ். அந்த வேலைக்கு டூலா என்று பெயர் சொன்னாள். நாற்பது வருஷம் செய்தித்தாளில் இருந்தவன் ஒரு வேலையின் பெயரையே இப்போதுதான் கேட்கிறேன் என்றால், அது புது வேலையாக இருக்க வேண்டும் அல்லது புது ஏமாற்றாக இருக்க வேண்டும். மூன்று பேருக்கு ஃபோன் போட்டேன். மகப்பேறு டாக்டர் ஒருவர் நல்ல வேலை என்றார். வார்டு நர்ஸ் ஒருவர் ரொம்ப நல்ல வேலை, ஆனால் முதுகு போய்விடும் என்றார். ஓய்வு பெற்ற சுகாதார அதிகாரி தனக்குத் தெரியாது என்றார், அவருக்குப் பதவியில் இருந்தபோதும் எதுவும் தெரிந்ததில்லை. அந்த முன்னாள் நர்ஸைப் பற்றியும் விசாரித்தேன். தவறாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காதபோதுதான் எனக்கு இன்னும் கொஞ்சம் தோண்டத் தோன்றும், உனக்குத் தெரியும்.

வேலை என்னவென்றால், பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு முதல் ஆறு வாரம் துணையாக இருப்பது. மருந்து கொடுக்கக் கூடாது, வைத்தியம் சொல்லக் கூடாது. அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, பால் கொடுக்கும்போது வலிக்கிறதா என்று பார்ப்பது, அவள் குளித்துவிட்டு வரும்வரை குழந்தையை வைத்திருப்பது, தையல் போட்ட இடத்தில் வலியோடு உட்காருகிறவளுக்கு எங்கே தலையணை வைக்க வேண்டும் என்று சொல்வது, ஏதாவது சரியில்லை என்று பட்டால் டாக்டரிடம் போகச் சொல்வது. உன் சித்தி இதைக் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, இந்த வயசுல ஊரான் வீட்டுப் பொண்ணுக்குத் தலை துவட்டி விடணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? என் தலைய என்னைக்காவது துவட்டி விட்டிருக்கியா?" என்றாள். அம்மா, "நீ பிள்ள பெத்தப்ப ஊரே உன்னச் சுத்தி நின்னுச்சு. பெத்தவள யார்டி பாத்தா? எல்லாரும் தொட்டிலத்தான் பாத்தாங்க" என்றாள். சித்தி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். உன் சித்தி பேச்சைப் பாதியில் விட்டு எழுந்த சம்பவம் என் நினைவில் இது இரண்டாவது.

பயிற்சியில் இரண்டு விதிகள் கொடுத்திருந்தார்கள். ஒன்று, வீட்டுக்குள் போனதும் கையைக் கழுவிவிட்டு நேராகத் தாயின் பக்கத்தில் உட்கார வேண்டும். என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று அவளைக் கேட்டு, அவள் பதில் சொல்லி முடித்த பிறகுதான் குழந்தையைப் பார்க்க வேண்டும். இரண்டு, அந்த வீட்டில் கேட்டது எதையும் வெளியே சொல்லக் கூடாது, கட்டிய கணவனிடம்கூட. இந்த இரண்டாவது விதிதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. நாற்பது வருஷம் நீதிமன்றத்தில் கேட்டது, காவல் நிலையத்தில் கேட்டது, ஆசிரியர் திட்டியது என்று ஒன்று விடாமல் அவளிடம் கொட்டியிருக்கிறேன். அவள் கடையிலிருந்து யாருக்கு எந்தக் கண்ணில் என்ன பவர் என்பது வரை என்னிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது ஒரு மணிக்கு வீட்டுக்கு வருவாள், செருப்பைக் கழற்றுவாள், எப்படி இருந்தது என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான். ஒன்றுமே நடக்கவில்லை என்று யாராவது ஒரே வரியில் சொன்னால், ஆசிரியர் எங்களை அன்றைக்கே அந்த இடத்துக்குத் திருப்பி அனுப்புவார்.

அவளுக்குக் கிடைத்த முதல் வீடு இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடி. தாயானவள் நீச்சல் சொல்லித்தரும் பெண், குளத்தில் ஒரே நேரத்தில் இருபது பிள்ளைகளை மிதக்க வைத்தவள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நான்கு மாதமாக ஓடவில்லை, இதை நானே போய்ப் பார்த்து உறுதி செய்தது. எப்படிப் பார்த்தேன் என்பதுதான் விஷயம். அவனுடைய தாயும் கூடவே இருக்கிறார். குழந்தை ஆண், அம்மா போக ஆரம்பித்தபோது எட்டு நாள். இதெல்லாம் அம்மா வேலை ஒப்புக்கொண்ட அன்றைக்கே சொன்னது, அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆகவே நான் குறிப்பெடுக்க ஆரம்பித்தேன். முதல் வாரம், தோளில் பால் கறை, முகம் தெளிவு. ஒன்பதாம் நாள், கண் சிவந்திருந்தது, கேட்டதற்கு வெயில் என்றாள், அன்று மேகமூட்டம். பதினொன்றாம் நாள், பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த நர்ஸிடம் பதினேழு நிமிஷம் பேசினாள். பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது திடீரென்று, "ஒருத்தங்க தூங்கினேன்னு சொல்றாங்க, ஆனா தூங்கலன்னு வச்சுக்கோங்க. அத நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள். நான், "அக்கம் பக்கத்துல விசாரிப்பேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். என் நோட்டில் மூன்று சந்தேகங்கள் எழுதினேன். அந்த மெக்கானிக் மனைவியை அடிக்கிறான். அல்லது மாமியார் இவளைப் பாத்திரம் கழுவ வைக்கிறார். அல்லது உன் அம்மா ஏதோ தவறு செய்துவிட்டு மறைக்கிறாள். நான்காவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவள் ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் அவள் விட்டுப்போன பச்சைக் குடையை எடுத்துக்கொண்டு நான் பத்து மணிக்குக் கிளம்பினேன். அந்தக் கட்டடத்துக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. வீடு வாடகைக்குப் பார்ப்பதாகச் சொல்லி மருந்துக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன், அவர் லிஃப்டைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் புலம்பினார். பிறகு கட்டடத்துக்குள் போய்ப் படியடியில் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கையில் பையோடு ஓர் அம்மா இறங்கி வந்தார். மூன்றாவது மாடிக் குழந்தையின் பாட்டி என்று அவரே சொன்னார். நான் யார் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. பழைய வழக்கம்தான், மாடியில் வீடு காலியா, சத்தம் கித்தம் உண்டா, பிள்ளை அழுமா என்று ஆரம்பித்தேன். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. "பிள்ள அழுதா பரவால்லீங்க. வீட்டுக்கு ஒரு அம்மா வர்றாங்க, நல்லவங்கதான், குத்தம் சொல்லல. ஆனா வந்ததும் குழந்தைய எட்டிக்கூடப் பாக்கறதில்ல. மருமககிட்டப் போய் உக்காந்துக்கறாங்க, கதவச் சாத்திக்கறாங்க. என்னத்தச் சொல்லிக் குடுக்கறாங்களோ. நாள் பூரா பிள்ளயத் தூக்கிச் சுமக்கறவ நான், என்கிட்ட ஒரு வார்த்த கிடையாது" என்றார்.

அம்மாடி, என்னைப் போலவே சந்தேகப்படுகிற ஒரு ஆளை வெகுநாள் கழித்துப் பார்த்த சந்தோஷம் எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் ஒரு கேள்வி அதிகம் கேட்டுவிட்டேன். "உங்க மருமக அழறாங்களா?" என்றேன். வீடு பார்க்க வந்தவன் கேட்கிற கேள்வியா அது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்வை குடையில் வந்து நின்றது. போன வாரம் மழையில் அந்தக் குடையின் ஒரு கம்பி விட்டுப்போய் அவர் வீட்டில் நீல நூலால் கட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் உன் அம்மா. அந்த நூலை அவர் இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது நான் கட்டின நூலாச்சே. இந்தக் குடை உங்க கைக்கு எப்படி வந்துச்சு?" என்றார். நாற்பது வருஷத்தில் என்னை ஒரு அமைச்சரின் வேலையாளும் பிடித்ததில்லை, ஒரு நீல நூல் பிடித்தது. நான் ஏதோ முனகினேன். அவர் பையைப் படியிலேயே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் திரும்பி ஏறினார்.

உன் அம்மா பதினொன்றே காலுக்கு வீட்டுக்கு வந்தாள். அந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்றால், எங்கள் வீட்டுக் கதையெல்லாம் நீங்கள் உங்கள் கணவரிடம் சொல்லி, அவர் வேவு பார்க்க வருகிறார், இனி வர வேண்டாம். இதை அம்மா சொல்லவில்லை, அப்போதும் விதியைக் காப்பாற்றினாள். பிறகு அந்த மெக்கானிக் வாயால் தெரிந்தது. அம்மா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாலு நாளா அந்தப் பொண்ணுகூட பேசிப் பேசி, இன்னைக்குத்தான் ஒரு விஷயத்துக்குச் சரின்னு தலையாட்டினா. அவ வீட்டுக்காரங்ககிட்ட நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உங்க குடை வந்துடுச்சு." கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நேற்று புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு மெக்கானிக் நம் வீட்டுக்கு வந்தான். வேலை உடுப்போடு, நகக்கண்ணில் கிரீஸோடு. இவன் அடிக்கிறவனா என்று நான் கையைப் பார்த்தேன், எழுத உட்கார்ந்துவிட்டால் பொய் சொல்லாமல் எழுத வேண்டும். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனைவி தூங்கவில்லை என்றான். குழந்தை தூங்கும்போதும் தூங்குவதில்லையாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். "தண்ணி சத்தம் கேட்டா அவளுக்குப் பிடிக்கும்னு இவ்ளோ நாளா நெனச்சேன் சார். அழறது கேக்கக் கூடாதுன்னு திறந்து விட்டிருக்கா. நேத்து, அவங்க ஏன் வரலன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, "உங்க பொண்ணு கதையச் சொன்னப்புறம்தான் அவ வாயைத் திறந்திருக்கா. எங்கிட்டச் சொன்னா. சார்கிட்டயும் சொல்லச் சொன்னா, அவருக்குத் தெரியாம இருக்கும்னு" என்றான்.

எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. உன் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவன்தான் சொன்னான். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன். அந்தப் பெண்ணிடம் உன் அம்மா, "என் பொண்ணுக்குப் பிள்ள பொறந்தப்ப நான் போகல. அவ ஃபோன்ல சிரிச்சா, நான் நம்பிட்டேன். மூணு வருஷமா அந்தச் சிரிப்ப யோசிச்சுக்கிட்டே இருக்கேன். அதனால உன் சிரிப்ப நான் நம்பப் போறதில்ல" என்றாளாம். நான் இரண்டு நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடியில், மருந்துக்கடையில் தேடின செய்தி நம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அம்மா அவனிடம் இரண்டே விஷயம் சொன்னாள். ஒன்று, டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமையே அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள், கூட்டிப்போவதைத் தள்ளாதே, இது அவள் குற்றமோ உன் அம்மா குற்றமோ இல்லை, காய்ச்சல் மாதிரி கவனிக்க வேண்டியது. இரண்டு, நான் திரும்ப வருவதா வேண்டாமா என்பதை நீயும் சொல்லக் கூடாது, உன் அம்மாவும் சொல்லக் கூடாது, அவள் சொல்ல வேண்டும். அவன் அங்கேயே டாக்டரைக் கூப்பிட்டு, தள்ளிப்போடாமல் பார்க்கச் சம்மதிக்க வைத்தான். பிறகு வீட்டுக்கு ஃபோன் போட்டு, மனைவியிடம் கொடுக்கச் சொன்னான். அம்மா அவன் ஃபோனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் எழுந்து போய் டிவியைப் போட்டு, சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்தேன். அம்மாவின் குரல் என் காதில் விழக்கூடாதே என்று. நாற்பது நிமிஷம் நானும் அந்த மெக்கானிக்கும் யாரோ ஒருவர் ஏரியில் மீன் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மீனும் சிக்கவில்லை. நடுவில் அவன், "எங்க அம்மாவும் பாவம் சார், குழந்தையப் பாத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சாங்க. குடை விஷயத்த மன்னிச்சுக்கங்க" என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், அவன் முந்திக்கொண்டான். போகும்போது அந்தப் பச்சைக் குடையை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். ஏன் கொடுத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவன் போன பிறகு, மூன்று வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தேன். நீ பட்டாணியைப் பெற்றபோது எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து பதினோராவது நாள், அம்மா என் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள், வர முடியவில்லை, இது உனக்குத் தெரியும். அந்த ஆறு வாரத்தில் உன்னை நாங்கள் நாற்பத்து மூன்று முறை அழைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், பட்டாணியின் எடை, எத்தனை முறை பால், எத்தனை முறை ஈரம், மஞ்சள் குறைந்ததா, தொப்புள் உலர்ந்ததா, எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. பத்தொன்பதாவது அழைப்பு: "சோர்வாகத் தெரிகிறாள், சகஜம்." சகஜம் என்று எனக்கு யார் சொன்னது என்று அங்கே இல்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த யாராவது இப்படி எழுதியிருந்தால் அந்த வார்த்தையை அடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். "எல்லாம் நல்லா இருக்குப்பா" என்று நீ சொன்னதை, எந்த அலுவலகத்துச் செய்திக் குறிப்பையும் அப்படியே அச்சுக்கு அனுப்பாதவன், நாற்பத்து மூன்று முறை அப்படியே அனுப்பியிருக்கிறேன்.

அப்போது உன் வீட்டில் குழாய் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் ஃபோனில் கேட்கும். மாப்பிள்ளை பாத்திரம் கழுவுகிறார் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர்தான் கழுவினாரா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நான் தவறாகவும் இருக்கலாம், திங்கட்கிழமை எவ்வளவு தவறாக இருந்தேன் என்று பார்த்தாய். ஆனால் இதை மருந்துக்கடையில் விசாரிக்க முடியாது. மாப்பிள்ளையிடம் தனியாகக் கேட்கலாமா என்று காலையில் ஒரு நிமிஷம் யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல். தோன்றவில்லை என்றால் அதையும் நேராகச் சொல், "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லாதே.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். மாடியை நான் நாலு என்று எழுதியிருந்தேன், மூன்றுதானாம். மெக்கானிக் உன் கதையைச் சொன்னபோது அவள் அழுததாக எழுதியிருந்தேன், ஜன்னல் பக்கம் திரும்பியதை மட்டும் நீங்கள் பார்த்தீர்கள், அதை மட்டும் எழுதுங்கள் என்றாள். சரி என்றேன். நீ பால்கனித் தாழ்ப்பாளை மாற்றச் சொன்னாயே, அதை மாற்றியாயிற்று. பட்டாணி நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாய், அங்கேயும் உயரமான தாழ்ப்பாளாகப் பார்த்துப் போடுங்கள். மாப்பிள்ளை முதுகு வலிக்குக் குனிந்து எடை தூக்காமல் இருக்கட்டும். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்காதே.

உன் உடம்பில் தெம்பு இருக்கட்டும், படுத்தால் தூக்கம் வரட்டும், உன் வீட்டில் உன்னைப் பார்த்து முதல் கேள்வி கேட்கிற ஒருவராவது எப்போதும் இருக்கட்டும். பட்டாணிக்கு எங்கள் முத்தம், ஆனால் அவளுக்கு இந்த வாரம் இரண்டாவது இடம்தான்.

நாளை வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கிறாள், மெக்கானிக் விடுப்பு எடுத்திருக்கிறான், அவன் தாய் குழந்தையோடு வெளியில் உட்கார்ந்திருப்பார். பார்த்துவிட்டு வந்ததும் உன் அம்மா வரலாமா வேண்டாமா என்று அவளே கூப்பிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீலப் பை அதுவரை கொக்கியில்தான். உன்னை ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்கு அழைக்கிறேன். எடுத்ததும் கேமராவைக் குழந்தை பக்கம் திருப்பிவிடாதே. முதலில் நீ என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பேன். நீ பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன்.

நோட்டில் உன் பக்கத்தைக் காலியாக வைத்திருக்கும்,
அப்பா

படித்துச் சரிபார்த்தது: அம்மா